முதலைக்கு நான் கட்டிய பல்

உங்க அக்கா செய்த முதலை ஏன் அந்தப் பொம்மைக் கம்பெனிக்குப் போகவில்லை என்று நீங்க ரெண்டு பேரும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீங்க. நானும் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். பாதியில் யாராவது கடைக்கு வந்து, "அண்ணே, தேவதை ரெக்கை இருக்கா?" என்பார்கள். பேச்சு அறுந்துபோகும். உங்க அம்மாதான், "எழுதி வச்சிடுங்களேன், படிச்சுக்கட்டும்" என்றாள். நான் பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதப் பெரிய படிப்பு வேண்டாம் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

கடையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்க பிள்ளைங்க இதைப் படித்தால் அவங்களுக்குத் தெரியணுமே, அதனால் நாலு வரி. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் நம்ம கடை. நாடக டிரஸ்ஸும் சாமானும் வாடகைக்குக் கொடுக்கிறோம். கிரீடம், கதாயுதம், தாடி, டிராபிக் போலீஸ் தொப்பி, மாறுவேடப் போட்டிக்குத் தக்காளி, கத்திரிக்காய். கிறிஸ்துமஸ் வந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சர்ச்சுகளிலிருந்து வந்து மூன்று ராஜாக்களையும் ஆட்டுக்குட்டியையும் எடுத்துப்போவார்கள். ஆண்டு விழா மாதங்களில் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் கிழிந்ததைத் தைப்பேன், உடைந்ததை ஒட்டுவேன்.

ஒவ்வொரு சாமானின் உள்பக்கத்திலும் சிவப்புப் பெயிண்டில் நம்ம கடை எழுத்தும் ஒரு நம்பரும் இருக்கும். வெளியே போகிற பொருள் திரும்பி வரணும் இல்லையா? வேறு கடைச் சாமானோடு கலந்துவிடக் கூடாது. அதனால் புதுச் சாமான் வந்ததும் முதல் வேலை அதுதான். பெயிண்ட் காய்ந்துவிட்டால் அது நம்ம பொருள்.

உங்க அக்கா டிப்ளமா முடித்துவிட்டு கடையில் வந்து உட்கார்ந்த வருஷத்தில் ஒரு படம் வந்தது. பேர் வேண்டாம். அதில் கதாநாயகி ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க நடப்பாள். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே கூம்பு மாதிரி ஒரு மூடி, அதன் உச்சியில் ஒரு குருவி. அதற்கப்புறம் கடைக்கு வரும் டீச்சர்கள் எல்லாரும், "அந்த விளக்கு இருக்குங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

உங்க அக்கா லேப்டாப்பில் அந்த விளக்கைச் செய்தாள். படம் வரைவது மாதிரி இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே மாவு பிசைந்து உருவம் பிடிப்பது மாதிரி. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் இருக்கும், விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அந்தக் கோப்பை ஒரு வெப்சைட்டில் போட்டால் எங்கேயோ இருக்கிறவர்கள் வாங்குவார்கள். அவர்கள் வீட்டில் ஒரு மிஷின் இருக்கும். அது பிளாஸ்டிக் நூலை உருக்கி, முறுக்குப் பிழிவது மாதிரி வரிசைமேல் வரிசையாக அடுக்கி, விளக்கையே கையில் கொடுத்துவிடும். இதையெல்லாம் அவள் எனக்கு விளக்கினபோது, "நம்ம கடைச் சாமான் கடையிலயே இருக்கும், ஆனா ஊரெல்லாம் போகும். அப்படித்தானே?" என்றேன். "அதேதான்பா" என்றாள். இதைவிட நல்ல வியாபாரம் உண்டா என்று நினைத்தேன்.

விளக்கு நன்றாகப் போனது. ஒரு நாள் காலையில் வெப்சைட்டில் அவள் கடை போட்டிருந்த பக்கத்திலிருந்து விளக்கைக் காணோம். படக் கம்பெனி தரப்பில் புகார் செய்திருந்தார்கள். இது எங்க படத்துக்காக எங்க ஆள் உருவாக்கிய பொருள், நீங்க விற்கக் கூடாது என்று. இன்னொரு தடவை இப்படி நடந்தால் கணக்கையே மூடிவிடுவோம் என்று வெப்சைட்காரர்களும் எழுதியிருந்தார்கள்.

உங்க அக்கா அழவில்லை. ஆனால் மதியம் சாப்பிடவும் இல்லை.

"ஒரு புள்ளி கூட நான் எங்கேருந்தும் எடுக்கலப்பா. படத்த நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு கோடும் நானே போட்டது. அந்தக் குருவிக்கு மட்டும் ரெண்டு நாள் ஆச்சு."

"அப்ப அது உன்னோடதுதானே?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

எனக்கு அதில் ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. நம்ம கடையில் இருக்கும் பாதிச் சாமான் ஏதோ ஒரு படத்தைப் பார்த்து யாரோ செய்ததுதானே. அதனால் உடனே, "சினிமா சாமானே வேணாம்மா. நம்ம சாமானா பார்த்துச் செய்" என்றேன். அப்போது என் கண் மேலே பரணுக்குப் போனது. அங்கேதான் முதலை படுத்திருந்தது.

கஜேந்திர மோட்சம் போடாத ஸ்கூல் நம்ம ஊரில் உண்டா? யானை, முதலை, கருடன் மேல் பெருமாள். யானை எல்லாக் கடையிலும் கிடைக்கும். முதலை நம்மகிட்ட மட்டும்தான். மூங்கில் பிளாச்சில் கூடு கட்டி, காகிதக் கூழ் பூசி, மேலே துணி ஒட்டிப் பெயிண்ட் அடித்தது. உள்ளே ஒரு பிள்ளை குப்புறப் படுத்துக் கயிற்றை இழுத்தால் வாய் திறக்கும்.

அதன் முகம்தான் விசேஷம். முதலை என்றால் பயங்கரமாக இருக்கணும். இது அப்படி இருக்காது. மத்தியானச் சாப்பாடு முடித்து வெற்றிலை போட்ட ஆள் மாதிரி கண் பாதி மூடியிருக்கும். வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறியிருக்கும், யாரையோ ஒரு வார்த்தை குத்திச் சொல்லப்போகிற மாதிரி. யானைக் காலைப் பிடிக்கும்போதுகூட அதே முகம்தான். எல்.கே.ஜி. பிள்ளைங்ககூட பக்கத்தில் போய்த் தடவிப் பார்க்கும். நீங்க ரெண்டு பேரும் அதன் முதுகில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினீங்க.

"இது எந்த சினிமாவுலயும் இல்ல. எடுத்துக்க" என்றேன்.

அவள் முதலையை இறக்கி, துடைத்து, டெய்லர் டேப் வைத்து அளந்தாள். சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தாள். பல்லுக்குப் பல் இடைவெளியைக்கூட அளக்காமல் விடவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். கறுப்புத் திரையில் நம்ம முதலை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அதே பாதிக் கண்ணோடு. மாதிரிக்கு என்று வெப்சைட்டில் அவள் பக்கத்தில் அதன் படத்தை மட்டும் போட்டு வைத்தாள். கோப்பை இன்னும் விற்பனைக்கு விடவில்லை.

அதைப் பார்த்துத்தான் பெங்களூரிலிருந்து அந்தப் பொம்மைக் கம்பெனி எழுதியது. இந்த முதலையைக் குழந்தைகள் விளையாட்டுப் பொம்மையாகப் போட விரும்புகிறோம், வாய் திறந்து மூடும்படி. பெட்டியில் "வடிவமைப்பு" என்று எழுதி உங்க பேரைப் போடுவோம்.

இந்தக் கடைசி வரியை உங்க அக்கா எத்தனை தடவை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. உங்க அம்மாவிடம் காட்டினாள், என்னிடம் காட்டினாள், மறுபடி அம்மாவிடம் காட்டினாள். டிப்ளமா முடித்தபிறகு எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டவள் அவள். அவளைத் தேடி ஒருத்தர் எழுதியது அதுதான் முதல் தடவை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த உருவம் முழுக்க உங்க சொந்தக் கற்பனை, வேறு யாருடைய பொருளையும் பார்த்துச் செய்யவில்லை என்று உறுதி சொல்லணும்.

அன்றைக்குக் கடையில் நான் தாடிகளைச் சீவிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, முதலைய யாரு செஞ்சது?"

"நம்ம முதலைம்மா."

"செஞ்சது யாருன்னு கேட்டேன்."

"பாய் செஞ்சாரு. மார்க்கெட்டுக்குப் பின்னாடி போர்டு எழுதுவாரே, அவரு. நான்தான் செய்யச் சொன்னேன். காசும் அப்பவே குடுத்தாச்சு."

"என்ன சொல்லிச் செய்யச் சொன்னீங்க?"

"ஒரு முதலை வேணும் பாய்னு சொன்னேன்."

"மூஞ்சி இப்படி இருக்கணும்னு சொன்னீங்களா?"

"வாய் திறந்து மூடணும்னு சொன்னேன்."

"கண்ணு?"

"கண்ணப் பத்தி ஒண்ணும் சொல்லல. முதலைன்னா கண்ணு இருக்கும்ல?"

அவள் முதலையைப் புரட்டி உள்ளே பார்த்தாள். நம்ம சிவப்பு எழுத்துதான் இருந்தது. "பாரு, நம்ம எழுத்து" என்றேன். "அது வாடகைக்குப் போடறதுப்பா" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் கோபம். என் காசு, என் பொருள், என் கடை. இதில் பாய் எங்கே வந்தார்? அந்த நேரம் பார்த்து நம்ம வக்கீல் சார் வந்தார். பையனுக்கு மாறுவேடப் போட்டி, தக்காளி டிரஸ் வேணும். உங்க அக்கா விடுவாளா? கேட்டுவிட்டாள்.

வக்கீல் தக்காளியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சொன்னார். "ஒரு புத்தகம் வாங்கறீங்க. படிக்கலாம். பழைய கடையில போடலாம். கிழிச்சு பஜ்ஜி மடிக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா அச்சடிச்சு விக்க முடியுமா?"

"முடியாது."

"ஏன், காசு குடுத்துத்தானே வாங்கினீங்க?"

சீவிக்கொண்டிருந்த தாடியை நான் கீழே வைத்தேன்.

"முதலை உங்களோடது. வாடகைக்கு விடுங்க, உடைச்சு அடுப்புல வைங்க. ஆனா முதலையோட உருவம் அத யோசிச்சவரோடது. எழுதிக் குடுத்தா ஒழிய அது கை மாறாது. களிமண்ல செஞ்சா என்ன, கம்ப்யூட்டர்ல செஞ்சா என்ன, அதே உருவம்னா அது பிரதிதான்."

"நானே முதல்லேருந்து செஞ்சாலுமா சார்?" என்று உங்க அக்கா கேட்டாள்.

"உன் உழைப்பு நிஜம்மா. ஆனா உழைச்சுப் பிரதி எடுத்தாலும் பிரதிதானே."

"அப்ப இந்தக் கிரீடம், வாள்..." என்று நான் சுவரைக் காட்டினேன்.

வக்கீல் தக்காளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அத இப்பக் கேட்காதீங்க. எனக்கு நாளைக்குக் காலையில தக்காளி வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உங்க அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "வீட்டுக்கு வந்த அதிர்ஷ்டத்த வாசல்லயே நிக்க வச்சு வக்கீல் விசாரணை பண்றீங்களே" என்றாள். "பாய்க்கு அந்த முதலை ஞாபகமாவது இருக்குமா? எத்தனை வருஷமாச்சு. பேசாம ஆமான்னு எழுதிடு." உங்க அக்கா எழுதவில்லை. விளக்கு போனபிறகு அவள் இதில் கொஞ்சம் மாறியிருந்தாள். மறுநாள் நானும் அவளும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். பாலத்தில் போகும்போது ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாக ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவள், அன்றைக்கு போனில் முதலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், வெங்காய மண்டிகளைத் தாண்டிப் போனால் பாய் கடை. அவர் என் வயசுக்காரர். கொஞ்ச காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து போர்டு எழுதிக்கொண்டிருந்தார். இப்போது எல்லாம் பிளக்ஸ். முன்பக்கம் கம்ப்யூட்டரில் அவர் சம்சாரம் கல்யாண போர்டு, காதுகுத்து போர்டு எல்லாம் போடுகிறார். பின்பக்கம் பாய் சட்டம் அடிக்கிறார்.

"வாங்கண்ணே! பாப்பாவா இது? எவ்வளவு வளர்ந்திருச்சு!" என்றார். டீ சொன்னார். பின்பக்கம் மரச்சட்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்தோம். உங்க அக்கா சுற்றி வளைக்காமல் போனை எடுத்து நீட்டினாள்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரலால் திருப்பச் சொல்லிக் கொடுத்தாள். திருப்பினார். வால், வயிறு, முதுகு. கடைசியில் முகம். நின்றுவிட்டார். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணே, இந்த முன்பல்லு யாரு வச்சது?"

"எந்தப் பல்லு?"

"மேல, நடுவுல. இது. மத்த பல்லு மாதிரி இல்லையே, கொழுக்கட்டை மாதிரி இருக்கே."

எனக்கு ஞாபகம் வந்தது. "அது நான்தான் பாய். ஏதோ ஒரு ஸ்கூல்ல உடைச்சுட்டாங்க. பைப் ஓட்டை அடைக்கிற மாவு இருக்குல்ல, ரெண்டையும் பிசைஞ்சு நான்தான் வச்சேன். அந்த ஸ்கூல்காரங்களோட சண்டைகூடப் போட்டேன்."

"யாரும் உடைக்கல. நான் வைக்கவே இல்ல."

"வைக்கலையா?"

பாய் முன்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "அண்ணே, இது எங்க மாமனாரு."

நானும் உங்க அக்காவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"நீங்க முதலை கேட்டப்பதான் அவரு எங்க வீட்டுல வந்து தங்கியிருந்தாரு. சாப்பிட்டுட்டு இங்கதான் உட்காருவாரு. கண்ணப் பாதி மூடிக்குவாரு. நான் வேலை செய்யறதப் பார்த்து வாயை ஒரு பக்கம் இழுத்து, 'இதுக்குத்தான் கடல் தாண்டிப் போனியாக்கும்' அப்படிம்பாரு. தினம் தினம். எனக்கு பதில் சொல்ல முடியாது, மாமனாராச்சே. கூழைக் கையில எடுத்தா முகம் தானா வந்துருச்சு. அவருக்கு முன்பல்லு ஒண்ணு கிடையாது. அதையும் அப்படியே விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரில் இருக்கிற ஸ்கூலுக்கெல்லாம் போய் பாயின் மாமனார் யானைக் காலைப் பிடித்திருக்கிறார்.

"நீங்க எங்க மாமனாருக்குப் பல்லு கட்டிட்டீங்கண்ணே" என்றார் பாய்.

உங்க அக்கா சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். கம்பெனி, பெட்டி, உறுதிமொழி எல்லாவற்றையும்.

பாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீயே செஞ்சதுன்னு எழுதிக்கம்மா. சந்தோஷமா எடுத்துக்க. எனக்கு ஒண்ணும் வேணாம்."

நான் எழுந்துவிட்டேன். வந்த காரியம் முடிந்தது, செய்தவரே சொல்லிவிட்டார், இனி என்ன? ஆனால் உங்க அக்கா உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"நீங்க அனுமதி குடுக்கலாம் மாமா. ஆனா நான் செஞ்சேன்னு நான் எப்படி எழுதறது? பல்லு எதனால இல்லன்னுகூட எனக்குத் தெரியலையே."

"அட, யாரும்மா கேட்கப்போறா?"

"பெட்டியில பேர் போடுவாங்க மாமா. பார்க்கறப்பல்லாம் எனக்குத் தெரியும்ல."

"அப்ப ரெண்டு பேரும் போடுங்க" என்றேன் நான். "உருவம் பாய், கம்ப்யூட்டர் வேலை நீ. எழுத்துல வாங்கிக்கலாம்."

பாய் முகம் மாறிவிட்டது. "எம்பேரு வேணாம்ணே. பேரு போட்டா வீட்டுல கேட்பா. கேட்டா பொம்மையப் பார்ப்பா. பார்த்தா முடிஞ்சுது. அவரு மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு. பெத்த அத்தாவ முதலையாக்கி கடைவீதியில விட்டியான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

முன்பக்கமிருந்து குரல் வந்தது. "என்னங்க அங்க குசுகுசுன்னு? டீ ஆறுது."

"ஒண்ணுமில்லம்மா, சட்டம் அளக்கறோம்."

"சட்டம் அளக்க எதுக்குச் சிரிப்பு?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்து வந்துவிட்டார். போன் உங்க அக்கா கையில். திரையில் முதலை சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதை மறைக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் மறைத்திருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

பாய் சம்சாரம் போனை வாங்கிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பாய் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"ஏன், பல்லு கட்டிட்டீங்களா?" என்றார் அந்தம்மா.

பாய் கையிலிருந்து டேப் நழுவிக் கீழே விழுந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"நம்ம சின்னவன் ஸ்கூல்ல நாடகம் போட்டாங்களே, அன்னிக்கே தெரியும். நான், அம்மா, அத்தா எல்லாம் முன் வரிசையில உட்கார்ந்திருந்தோம். முதலை வந்துச்சு. அம்மா என் கையக் கிள்ளுனாங்க. அத்தா மட்டும் ரொம்ப நேரம் பார்த்துட்டு, 'எங்கயோ பார்த்த மூஞ்சியா இருக்கே'ன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்களான்னு பார்த்தேன்."

அந்தம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் சிரிப்பு போட்டோவுல எதுலயும் வரலை. போட்டோன்னா வாய மூடிக்குவாரு, பல்லு தெரியக் கூடாதுன்னு" என்றார். அப்புறம் உங்க அக்காவிடம், "இந்தப் பல்ல எடுத்துடும்மா. அது எங்க அத்தா இல்ல" என்றார்.

"எடுத்துடறேன் ஆன்ட்டி."

அனுமதிக் கடிதம் அங்கேயே தயாரானது. அந்தம்மாவே கம்ப்யூட்டரில் அடித்தார். முதலையை உருவாக்கியது பாய், அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் மாதிரி செய்தது இந்தப் பெண், ரெண்டு பேர் பேரையும் போட்டு விற்கலாம் என்று. கல்யாண போர்டு போடுகிற பழக்கத்தில் சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர் வைத்துவிட்டார். பாய் கையெழுத்துப் போட்டார். பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் முதலைக்கும் பாய்க்கும் நிக்காஹ் மாதிரி இருந்தது. இதைச் சொன்னவர் பாய்தான், நானில்லை.

உங்க அக்கா கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதினாள். இது கடையில் இருக்கும் ஒரு நாடகச் சாமானைப் பார்த்து நான் செய்தது, மூல உருவம் இன்னாருடையது, அவர் அனுமதி இதோ, பெட்டியில் ரெண்டு பேர் பேரும் வரணும். ரோஜாப்பூவோடு அனுப்பினாள்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. ரெண்டு பேர் என்றால் எங்களுக்குச் சிக்கல். அவர் தன் உரிமை மொத்தத்தையும் உங்களுக்கு எழுதிக்கொடுத்துவிடட்டும், பெட்டியில் உங்க பேர் மட்டும் இருக்கட்டும் என்று கேட்டார்கள். உங்க அக்கா அதைப் பாய் வீட்டுக்குப் போனில் படித்துக் காட்டினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது.

"எங்க அத்தாவ மொத்தமா தூக்கிக் குடுத்துடச் சொல்றாங்களா?" என்று அந்தம்மா கேட்டார். கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாகக் கேட்டார். பின்னால் பாய், "குடுத்துடலாம்மா, பாப்பாவுக்குத்தானே" என்றார். "நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு அவரத் தள்ளிவிட எப்படா சாக்கு கிடைக்கும்னு இருக்கீங்க" என்றார் அந்தம்மா.

உங்க அக்கா சிரித்துவிட்டாள். "வேணாம் ஆன்ட்டி. நானும் அப்படி வாங்கிக்கிற மாதிரி இல்ல" என்றாள்.

அவ்வளவுதான். கம்பெனி வேறு பொம்மையைப் பார்த்துக்கொண்டது. அன்றைக்குச் சாயங்காலம் அவள் முதலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தாள். நான் ஆறுதல் சொல்லப் போனேன்.  "டீ குடிக்கிறியா?" என்றேன். "குடிக்கிறேன்பா" என்றாள். உங்க அம்மாவுக்கு ஒரு வாரம் என்மேல் கோபம். பெண்மேல் இல்லை, என்மேல்.

முதலை இப்போது அவள் பக்கத்தில் விற்பனைக்கு இருக்கிறது, முன்பல் இல்லாமல், ரெண்டு பேர் பேரோடும். போகிறபோது போகும். பாய் வீட்டுக்காரர்கள் அந்த மிஷினில் பொம்மையாகவே ஒன்று எடுத்து வாங்கி, கடைக் கம்ப்யூட்டர் மேல் வைத்திருக்கிறார்கள்.

நிஜ முதலையிலும் நான் கட்டிய பல்லை உளி வைத்து எடுத்துவிட்டேன். லேசில் வரவில்லை. நல்ல மாவு. இப்போது வாடகைக்கு எடுக்க வரும் டீச்சர்கள் எல்லாரும் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒரு பல்லு விழுந்திருக்கே, நாங்க உடைச்சதுன்னு அப்புறம் சொல்லக் கூடாது" என்கிறார்கள். "அது அப்படித்தான் டீச்சர், அவருக்குப் பல்லு கிடையாது" என்கிறேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்க அக்கா இப்போது யானை செய்துகொண்டிருக்கிறாள். நம்ம கடை யானையை இறக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம்பா. யார் யானையையும் பார்க்காம செய்யறேன்" என்றாள். செய்கிற நேரத்தில் நான் தாடி சீவினால்கூட, "அப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்கிறாள். எதற்கு என்று கேட்டால், "வெளிச்சம்" என்கிறாள்.

நேற்று திரையில் காட்டினாள். நல்ல யானை. காது பெரிசு, அது யானைக்கு வேண்டியதுதான். நெற்றியில் மூணு சுருக்கம். தும்பிக்கை ஆரம்பிக்கிற இடத்தில் ரெண்டு பக்கமும் சின்னதாக ரெண்டு பள்ளம்.

"இது என்னம்மா பள்ளம்? யானைக்கு அங்க பள்ளம் இருக்குமா?"

அவள் யானையை மெதுவாக ஒரு சுற்று திருப்பினாள். உங்க அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். யானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மூக்கில் அது உட்காரும் இடத்தில் விரல் பட்டது. எத்தனையோ வருஷமாகக் கண்ணாடி அழுத்தி அழுத்தி, அங்கே ரெண்டு பக்கமும் பள்ளம்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் திரும்பச் சொன்ன பக்கமே திரும்பி உட்கார்ந்தேன்.